சொல்லிச் செய்யும் மண்டோலா: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: மண்டோலின் தெரியும். மண்டோலா என்றால் என்ன? என் தம்பி ஒரு மண்டோலா செய்யச் சொல்லி முன்பணம் கட்டப் போகிறான். ஆக்டேவ் மண்டோலின் என்று இன்னொன்றும் இருக்கிறதாமே, இரண்டும் ஒன்றா?
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: வயலினுக்கு வியோலா எப்படியோ, மண்டோலினுக்கு மண்டோலா அப்படி. கொஞ்சம் பெரிய உடம்பு, நீளமான கழுத்து, அடங்கிய குரல். பெயரை வைத்துப் பார்த்தால் மண்டோலாதான் மூத்தது, ஏனென்றால் இத்தாலிய மொழியில் மண்டோலினோ என்றாலே சின்ன மண்டோலா என்றுதான் அர்த்தம். இரண்டிலும் நாலு ஜோடி, ஆக எட்டுத் தந்தி. தடித்த தந்தியிலிருந்து வந்தால் மண்டோலினில் ஜி, டி, ஏ, இ. நம் சுருதிக் கட்டைக் கணக்கில் 5, 2, 6, 3. மண்டோலாவில் சி, ஜி, டி, ஏ, அதாவது 1, 5, 2, 6.

ஆக்டேவ் மண்டோலின் வேறு. அது மண்டோலினின் அதே சுரங்களை ஒரு ஸ்தாயி கீழே பேசும். குழப்பம் எங்கே வருகிறதென்றால், இங்கிலாந்து, அயர்லாந்து பக்கம் அதையும் மண்டோலா என்றே சொல்லிவிடுவார்கள். அதனால் தம்பியிடம் சொல்லுங்கள்: ஆர்டர் எழுதும்போது பெயரோடு நிறுத்தாமல் நாலு சுரத்தையும், தந்தி எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்பதையும் சேர்த்து எழுதட்டும். மாதக்கணக்கில் காத்திருந்து வேறு கருவி வந்து நின்றால் யாரையும் குறை சொல்ல முடியாது.

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். பதினோரு வருடமாக மண்டோலின் வாசிக்கிறேன், சர்ச்சில் கீர்த்தனைகளுக்கும் வீட்டில் கர்நாடக சங்கீதத்துக்கும். அப்பா 1 கட்டையில் பாடுவார். அவரோடு வாசித்தால் மண்டோலின் எப்போதும் மேலேயே கத்துகிற மாதிரி இருக்கிறது. கையாலேயே கருவி செய்கிற ஒருவர் மண்டோலா செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார். எட்டு மாதம் ஆகும், பாதிப் பணம் முதலிலேயே வேண்டும் என்கிறார். என்ன மரம், என்ன வடிவம், என்ன அலங்காரம் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எனக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்ன எழுதுவது?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: மரத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் கையைப் பற்றி எழுதுங்கள், எப்படி வாசிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். இதைச் சொல்கிற தகுதி எனக்கு ஒரு தவறு செய்து கிடைத்தது.

பன்னிரண்டு வருடம் முன்பு முதல் மண்டோலாவுக்கு ஆர்டர் கொடுத்தபோது நான் இரண்டு பக்கம் எழுதினேன். முகப்புக்கு எந்த ஊர் ஸ்ப்ரூஸ், பின்பக்கம் மேப்பிளில் எவ்வளவு வரி ஓட வேண்டும், தலையில் முத்துச்சிப்பி எப்படிப் பதிக்க வேண்டும் என்றெல்லாம். ஒன்றை மட்டும் எழுதவில்லை. நான் சி, ஜி, டி, ஏ என்று வைத்து வாசிக்கிற ஆள் இல்லை, ஸ-ப-ஸ-ப என்று சேர்த்து வாசிக்கிறவன். அப்படிச் சேர்க்கும்போது மேல் இரண்டு ஜோடியையும் ஒரு முழுச் சுரம் இறக்க வேண்டும், டி போய் சி ஆகும், ஏ போய் ஜி ஆகும். ஒரு முழுச் சுரம் இறக்கினால் தந்தியின் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கருவி வந்தது, பார்க்க அவ்வளவு அழகு, சுருதி சேர்த்து மீட்டினால் மேல் தந்தி இரண்டும் தொளதொளவென்று மெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த கம்பியில்) இடித்து இரைந்தது. தடித்த தந்தி போட்டுப் பார்த்தேன், அந்தத் தந்திக்கு நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சின்னப் பட்டையில், வெட்டியிருந்த காடி போதவில்லை. செய்தவரைக் கேட்டால், நீங்கள் சொல்லவே இல்லையே என்றார். சொல்லவில்லைதான். ஆனால் அவரும் கேட்கவில்லை, நான் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னமும் உண்டு.

இரண்டாவது கருவியைச் செய்தவர் வேறு மாதிரி. போனதும் மரத்தைக் காட்டவில்லை. "உட்காருங்க, வாசிங்க" என்றார். அரை மணி நேரம் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு சாக்பீஸை எடுத்து, பழைய மண்டோலின் கழுத்தின் பின்பக்கம் முழுக்கப் பூசிவிட்டு, "இன்னொரு தடவை அதே பாட்டு" என்றார். வாசித்து முடித்ததும் கருவியைத் திருப்பினார். என் கட்டைவிரல் எங்கெங்கே உட்கார்ந்து நகர்ந்ததோ அங்கே மட்டும் வெள்ளை அழிந்து மரம் தெரிந்தது. முதல் மெட்டிலிருந்து ஐந்தாவது மெட்டு வரை நீளமாக ஒரு தடம், ஏழுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வட்டம். அதைப் பார்த்துத்தான் கழுத்தின் பருமனை முடிவு செய்தார். அந்தக் கழுத்தில் மூன்று மணி நேரம் வாசித்தாலும் கட்டைவிரல் வலிப்பதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா 1 கட்டை என்றால் அவருடைய மத்திய ஸ்தாயி ஸட்ஜமும் மண்டோலாவின் தடித்த தந்தியும் ஒரே சுரம். மண்டோலினில் உங்களிடம் இருக்கிற ஆகக் கீழ்ச் சுரமே அவருடைய மத்திய ஸ்தாயி பஞ்சமம்தான், அதனால்தான் எப்போதும் ஒரு ஸ்தாயி மேலே போய் வாசிக்க வேண்டியிருக்கிறது. மண்டோலாவில் அந்தக் குறை தீரும். ஆனால் ஒன்று: மண்டோலாவில் ஸட்ஜத்துக்குக் கீழே எதுவும் கிடையாது. அப்பா மந்தர பஞ்சமம் வரை இறங்கிப் பாடுகிறவர், நீங்களும் கூடவே இறங்க வேண்டும் என்றால் உங்களுக்கு வேண்டியது ஆக்டேவ் மண்டோலின். அதில் விரல்களுக்கு வேலை அதிகம். நட்டிலிருந்து முதல் மெட்டு வரை இருக்கும் தூரத்தைப் பாருங்கள், தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். 35 சென்டிமீட்டர் மண்டோலினில் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 43 சென்டிமீட்டர் மண்டோலாவில் 2.4, 53 சென்டிமீட்டர் ஆக்டேவ் மண்டோலினில் ஏறக்குறைய 3. அட்டையில் கோடு போட்டு விரலை வைத்துப் பாருங்கள். உள்ளங்கையை விரித்துத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து, அந்தத் தாளையும் செய்பவருக்கு அனுப்புங்கள்.

என் கருத்தில் உங்களுக்கு மண்டோலாதான் சரி. கீர்த்தனைக்கும் அப்பாவுக்கும் இரண்டுக்கும் உதவும்.

எழுத வேண்டியவை இவை. எந்தச் சுரங்களில் சேர்ப்பீர்கள், அதை எப்போதாவது மாற்றுவீர்களா. பிக்கால் ஓங்கி அடிப்பீர்களா, மெதுவாகத் தொடுவீர்களா. உட்கார்ந்து வாசிப்பீர்களா, சர்ச்சில் நின்றா. தந்தியைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுப்பீர்கள். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம், நட்டில் கழுத்தின் அகலம் அதைப் பொறுத்தது. பொதுவாக மண்டோலாவுக்கு அது 30 மில்லிமீட்டரை ஒட்டி வரும், இழுத்து வாசிக்கிறவர் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். எல்லாவற்றையும்விட நல்லது, நீங்கள் வாசிப்பதைப் போனில் பத்து நிமிடம் எடுத்து அனுப்புவது. அப்பாவும் கூடப் பாடட்டும்.

ஒலித்துளை பற்றி அவர் கண்டிப்பாகக் கேட்பார். வயலின் மாதிரி இரண்டு பக்கமும் எஃப் துளை வைத்தால் அடி சட்டென்று வெளியே பாயும், கூட்டத்தில் கேட்கும். நடுவில் முட்டை வடிவத் துளை வைத்தால் குரல் உருண்டு, நாதம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கார்வை பிடித்து வாசிக்கிற சங்கீதத்துக்கு நான் முட்டைத் துளையையே சொல்வேன். தலையில் சுருள், உடம்பில் கொம்பு எல்லாம் கண்ணுக்குத்தான், அதில் செதுக்கு வேலை ஏகப்பட்டது, காசும் ஏறும். சாதாரண நீர்த்துளி வடிவம் போதும், மிச்சமாகும் பணத்தைத் தந்தி முறுக்கும் நல்ல கீ வாங்கவும் நல்ல பெட்டி வாங்கவும் வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பாலிஷ் போடுவதற்கு முன்னால், வெறும் மரமாக இருக்கும்போதே, தந்தி கட்டி வாசித்துப் பார்க்க விடுவாரா? நல்ல கைவினைஞர் பலர் சம்மதிப்பார்கள். அந்த நிலையில் கழுத்தை இன்னும் கொஞ்சம் சீவலாம். முகப்புப் பலகை நடுவில் சுமார் நாலரை மில்லிமீட்டர் இருக்கும், ஓரத்தை நெருங்க நெருங்க மெலிந்து மூன்றுக்கும் கீழே போகும், ஓரத்தில் இன்னும் ஒரு சீவல் எடுத்தால் குரல் திறக்கும். பாலிஷ் ஏறிவிட்டால் யாருக்கும் கை வைக்க மனம் வராது.

முன்பணம் பாதி கேட்பது வழக்கம்தான். மரம் வாங்கியதும் ஒரு படம், உடம்பு ஒட்டியதும் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். எட்டு மாதம் பத்தானால் கோபப்படாதீர்கள். அவசரப்படுத்தினால் அந்த அவசரம் கருவிக்குள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: தஞ்சாவூர் வீணை முழுக்கப் பலா மரத்தில்தான் செய்கிறார்கள். மண்டோலாவுக்கு மட்டும் ஏன் வெளிநாட்டு மரம்? எங்கள் தோட்டத்தில் விழுந்த பலா இருக்கிறது, அதில் செய்ய முடியாதா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: பாதி முடியும். பின்பக்கம், பக்கவாட்டு, கழுத்து இவற்றுக்குப் பலாவைக் கேட்டுப் பார்க்கலாம், நானே அப்படி ஒன்றை வாசித்திருக்கிறேன், குரலில் ஒரு இதமான கனம் இருந்தது. ஆனால் முகப்புக்கு வேண்டாம். எட்டுத் தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுவை 80 கிலோவை ஒட்டி வரும். அதைத் தாங்கவும் வேண்டும், விரல்நுனி அசைவுக்கெல்லாம் அதிரவும் வேண்டும். அதற்கு எடை குறைவாக, அதே சமயம் விறைப்பாக இருக்கிற மரம் தேவை, ஸ்ப்ரூஸும் சீடரும் அந்த வகை. குளிர் நாட்டில் மெதுவாக வளர்ந்த ஸ்ப்ரூஸைப் பார்த்தால் தலை வாரியது போல நெருக்கமாக நேர்கோடுகள் ஓடும்.

விரல்பலகைக்கு நம் கருங்காலியோ தோதகத்தியோ போதும். தோதகத்தி போட்ட கருவியை வெளிநாடு எடுத்துப் போகிறவர்கள் முன்பு அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அருகிவரும் மரங்களைக் காக்கும் அந்தச் சர்வதேச விதியில் (சைட்ஸ்) விலக்கு இருக்கிறது. பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் பலாவில் உடனே கருவி செய்யச் சொல்லாதீர்கள். பலகையாக்கி, நிழலில், இடையில் குச்சி வைத்து அடுக்கிச் சில வருடம் காய விடுங்கள். பச்சை மரத்தில் செய்த கழுத்து ஒரே கோடையில் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: மண்டோலின் ஸ்ரீநிவாஸ் போல கமகம் வர மண்டோலாவில் எட்டுத் தந்தி வேண்டுமா, நாலு போதுமா?
– ஒரு மாணவி, ஆற்காடு

பதில்: அவர் ஜோடித் தந்தியை விட்டு ஒற்றைத் தந்திக்குப் போனவர், பிறகு ஐந்து தந்தி மின் மண்டோலின்தான் அவருடைய கருவியானது. காரணம் நீங்களே சோதிக்கலாம்: ஜோடியாக இருக்கிற இரண்டு தந்தியை ஒரே விரலால் ஒரே அளவு இழுங்கள், ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், காந்தாரம் இரண்டாகப் பிளந்து கேட்கும். ஒற்றையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒற்றைத் தந்தியில் சத்தம் குறையும், மின்சாரம் இல்லாத கருவியில் அது பெரிய குறை. கர்நாடக சங்கீதம் மட்டுமே உங்கள் வழி என்றால் ஒற்றைத் தந்தியும், ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப்பும் சொல்லிச் செய்யுங்கள், உள்ளே முகப்பைத் தாங்கும் முட்டுச் சட்டங்களை அதற்கேற்ப மெலிதாக வைக்கச் சொல்லுங்கள். எட்டுத் தந்திக்குச் செய்த முகப்பில் நாலு தந்தியை மட்டும் கட்டினால் அது அசையாமல் கல்லாக உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: நம் ஊர் வெயிலுக்குக் கைவேலைக் கருவி தாங்குமா? பயந்து பயந்தே வாங்காமல் இருக்கிறேன்.
– ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: தாங்கும், வாங்குங்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டி, சுற்றியிருக்கும் பாறை மலைகள் ராத்திரியிலும் அனல் விடுகிற ஊர் நம்முடையது. ஐப்பசி அடைமழையில் அதே வீட்டில் துணி காயாது. காய்ந்தால் மரம் குறுக்கில் சுருங்கி முகப்பு கொஞ்சம் இறங்கும், தந்தி மெட்டில் இடிக்கும். ஈரத்தில் ஊறி முகப்பு எழும், தந்தி உயர்ந்து விரல் வலிக்கும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு கேளுங்கள்: கழுத்துக்குள் அதன் வளைவைத் திருத்தும் கம்பியான ட்ரஸ் ராடு, முகப்பின் மேல் தந்தியைத் தூக்கிப் பிடிக்க, ஏற்றி இறக்கத் திருகு வைத்த பிரிட்ஜ். உங்கள் ஊர் எது, வீட்டில் ஏசி உண்டா என்பதையும் செய்பவரிடம் சொல்லுங்கள். ஊட்டியில் இருந்துகொண்டு செய்கிறவருக்கு நம் மே மாதம் தெரியாது.

நிறுத்தி வைத்த காருக்குள் மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். மூடிய காருக்குள் அடிக்கிற சூட்டில் பசை இளகிவிடும், பிரிட்ஜுக்குக் கீழே முட்டுச் சட்டம் விடுபட்டால் வெளியிலிருந்து பார்க்கத் தெரியவும் செய்யாது, குரல் மட்டும் சட்டென்று செத்துப் போகும்.

தந்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள், ஒவ்வொரு ஜோடியாக மாற்றுங்கள். இந்த பிரிட்ஜ் ஒட்டியது இல்லை, தந்தியின் அழுத்தத்தில் நிற்பது, எல்லாம் போனால் அதுவும் விழும். அப்படி விழுந்துவிட்டால் பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மணி போன்ற அந்தச் சுரத்தை எடுங்கள், அதே இடத்தில் அழுத்தியும் மீட்டுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாகக் கேட்டால் பிரிட்ஜை வால் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள், குறைவாகக் கேட்டால் கழுத்துப் பக்கம். இரண்டும் ஒன்றானதும் பிரிட்ஜின் கால் இருக்கிற இடத்தைப் பென்சிலால் மெல்லக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.