பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு யாருக்கு வரும்? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கத்துத் தாய்மார்களும் வீட்டாரும் கேட்டவை இவை. பதில் சொல்லும் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள்.

நர்ஸம்மா, குழந்தை பிறந்து ஐந்து நாள். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. (கடலூர் முதுநகர்)

பயப்படாதேம்மா. பிரசவமானதும் ஹார்மோன் மளமளவென்று இறங்கும், தூக்கமும் இருக்காது. பெரும்பாலான தாய்மார்களுக்கு இந்த அழுகை வந்து, இரண்டு வாரத்துக்குள் தானாகவே தெளியும். அதற்கு மேலும் நீடித்தால் டாக்டரைப் பார்.

என் மருமகளுக்கு ஏழாம் மாதம். யாருக்கு இந்த மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகம்? (நெல்லிக்குப்பம்)

இப்போதே கேட்டது நல்லதும்மா. முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கும், கர்ப்ப காலத்திலேயே ஓயாத கவலையில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். முந்தைய பிரசவத்தில் வந்திருந்தால் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வீடு. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கணக்கு வந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு தாய்க்கு இந்த மனச்சோர்வு. அதில் சொன்ன காரணங்கள் பணக்கஷ்டம், வீட்டில் அடி உதை, புருஷன் பெண்டாட்டி சண்டை, கணவரின் ஆதரவு இல்லாமை, பெண் குழந்தை பிறந்தது.

கடைசிக் காரணத்தை வார்டிலேயே பார்த்திருக்கிறேன். பார்க்க வருபவர்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவதும் பொண்ணா" என்று உச்சுக் கொட்டுவார்கள். கட்டிலில் படுத்திருப்பவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மருமகளுக்கு எந்தக் குழந்தை பிறந்தாலும் அந்தப் பேச்சு அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள உங்களால் முடியும். மாமியார் அதட்டினால் வந்தவர்கள் வாயை மூடுவார்கள்.

சிசேரியன் என்றால் கட்டாயம் வருமா? (பாகூர்)

கட்டாயம் வரும் என்று இல்லை. ஆனால் குறைமாதக் குழந்தை, குழந்தை இன்குபேட்டரில் இருப்பது, தாய்க்குப் பிரசவத்தில் ஏற்பட்ட சிக்கல் இவையெல்லாம் மனதை அழுத்தும். அந்தத் தாயைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மூன்று மாதமாகியும் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. அம்மா "திமிர்" என்கிறார். (வில்லியனூர்)

திமிர் இல்லை தம்பி. குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது முக்கியமான அடையாளம். இந்த வாரமே ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ, பிரசவம் பார்த்த டாக்டரிடமோ அழைத்துப் போங்கள். எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் உண்டு, அதை வைத்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். தைராய்டும் ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுமே இதே மாதிரி சோர்வைத் தரும். ராத்திரியில் பால் குடித்த குழந்தையை வாங்கி ஏப்பம் விடவைத்துத் தூங்கவைப்பது இனி உங்கள் வேலை. அம்மாவிடமும் நீங்கள்தான் பேச வேண்டும், மனைவியைப் பேசவிடாதீர்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்தணுமா? (சிதம்பரம்)

பெரும்பாலும் வேண்டாம். செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையையும் நிறுத்தாதே, பாலையும் நிறுத்தாதே.

அக்கா மகளுக்குப் பிரசவமாகிப் பத்து நாள். யாரோ காதில் பேசுகிறார்கள் என்கிறாள், குழந்தையைப் பார்த்தே பயப்படுகிறாள். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகப் பார்க்கிறார்கள். (பண்ருட்டி)

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது மனச்சோர்வைவிடக் கடுமையான நோய், ஆயிரம் தாய்மார்களில் ஒருவர் இருவருக்கு வருவது. இருதுருவ மனநோய் (அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) இருப்பவர்களுக்கும், குடும்பத்தில் அது இருந்தாலும் ஆபத்து அதிகம். சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகும், தாமதித்தால் தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து. அவளைத் தனியாக விடாதீர்கள், குழந்தையோடு எப்போதும் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். வண்டி இல்லையென்றால் 108. வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 14416க்குப் போன் போட்டு, போனை அவர்கள் கையில் கொடுங்கள். அரசின் இலவச மனநல எண் அது, எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். திருநீறு பூசுவதென்றால் பூசிவிட்டே கிளம்புங்கள், ஆனால் கிளம்புங்கள்.