உள்நாட்டு விமானத்தில் ஏற எந்த அட்டை செல்லும்?

சிங்கப்பூருக்குள் உள்நாட்டு விமானச் சேவை கிடையாது. அதனால் இந்தக் கேள்வி நமக்கு எழுவதெல்லாம் ஊருக்குப் போய் இறங்கிய பிறகு, சென்னையிலிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ மாறும்போதுதான். ஜோகூர் செனாய் விமான நிலையத்திலிருந்து மலேசியாவுக்குள் பறப்பவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நான் சிங்கப்பூர்க் குடிமகன். சென்னை வரை ஒரு சீட்டு, சென்னையிலிருந்து மதுரைக்குத் தனிச் சீட்டு. மதுரை விமானத்திற்கு அடையாள அட்டையோ சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னிலக்க அட்டையோ போதுமா?

பதில்: இரண்டும் அங்கே செல்லாது. இந்திய விமான நிலையங்களில் ஏற்கப்படும் அட்டைகளின் பட்டியலை அந்நாட்டு விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு வகுத்திருக்கிறது. கடப்பிதழ் (பாஸ்போர்ட்), ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவை அதில் உண்டு. வெளிநாட்டுக் குடிமக்களான நமக்கு அதில் பொருந்துவது கடப்பிதழ் மட்டும்தான். அதுவும் அசலாக இருக்க வேண்டும். நகலையோ கைப்பேசியில் எடுத்த படத்தையோ காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் யார் வேண்டுமானாலும் முனையத்துக்குள் நடந்து போகலாம். சென்னையில் வாசலிலேயே மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் சீட்டையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். அனைத்துலக விமானத்தில் வந்து இறங்கியதும் குடிநுழைவு, பெட்டி எடுப்பது, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வந்து, உள்நாட்டு முனைய வாசலில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் விமானம் 1ஆம் முனையமா 4ஆம் முனையமா என்பதைச் சீட்டில் முன்கூட்டியே பாருங்கள். குடிநுழைவு முடிந்த கையோடு கடப்பிதழைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள் இந்த வாசலில்தான் பெட்டியைத் திறந்து கொட்டுகிறார்கள். வீடு போய்ச் சேரும்வரை அது கைப்பையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனிச் சீட்டு என்றால் பெட்டியின் எடை அளவும் தனி. உள்நாட்டுச் சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 15 கிலோதான். 30 கிலோ கொண்டு வந்தவர்கள் கூடுதல் எடையை முன்பே இணையத்தில் வாங்கிவிடுவது நல்லது. முகப்பில் விலை அதிகம்.

கேள்வி: கடப்பிதழில் என் பெயர் நடுவே ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்) வருகிறது. இணையத்தில் சீட்டு எடுக்கும்போது அந்தச் சாய்கோட்டை ஏற்க மறுக்கிறது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வேறு. எப்படி நிரப்புவது?

பதில்: உள்நாட்டுப் பயணத்தில் ஆளைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் பெயர்தான். இந்திய உள்நாட்டுச் சீட்டில் கடப்பிதழ் எண்ணைக் கேட்பதில்லை. வாசலில் நிற்பவர் உங்களை அடையாளம் காணப் பெயரும் முகமும்தான் இருக்கின்றன.

முன்பதிவுக் கணினிகளுக்கு எழுத்துகள் மட்டுமே தெரியும். சாய்கோடு, புள்ளி எதையும் ஏற்காது. உங்கள் பெயரை முதற்பெயர்க் கட்டத்திலும் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் எழுதுங்கள். நடுவில் உள்ளதை விட்டுவிடலாம், அல்லது சாய்கோடு இல்லாமல் இரண்டு எழுத்தாகச் சேர்க்கலாம். எதைச் செய்தாலும் எல்லாச் சீட்டிலும் ஒரே மாதிரி செய்யுங்கள். ‘டி/ஓ’ (மகள்), மலேசியக் கடப்பிதழ்களில் வரும் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) ஆகியவற்றுக்கும் இதே வழிதான்.

செய்யக் கூடாதது, தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்குவது. நமக்கு அது இயல்பாக வரும், ஆனால் கடப்பிதழில் முழுப்பெயர் இருக்கும்போது சீட்டில் ஒற்றை எழுத்து இருந்தால் கேள்வி வரும். வீட்டுப் பெயரில், அழைக்கும் பெயரில் எடுத்த சீட்டு அதைவிட மோசம்.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். அதற்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான விதி இல்லை. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன, சில வேறு முறை வைத்திருக்கின்றன. அந்தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ‘ஒற்றைப் பெயர்’ பற்றிய குறிப்பைப் படித்துவிட்டு நிரப்புங்கள்.

எழுத்துப்பிழை நேர்ந்திருந்தால் பதிவு செய்த அன்றே சொல்லுங்கள். ஒன்றிரண்டு எழுத்தைத் திருத்துவது எளிது. ஆனால் ஒருவர் சீட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற விடமாட்டார்கள். முகவர் வழியாகவோ இடைத்தரகு இணையத்தளம் வழியாகவோ எடுத்த சீட்டு என்றால், விமான நிறுவனம் பெரும்பாலும் அவர்களிடமே திருப்பி அனுப்பும். அதில் நாள் போகும். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுப்பதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

கேள்வி: இங்கே வேலை அனுமதியில் இருக்கிறேன், இந்தியக் குடிமகன். ஆதார் அட்டை ஊரில் இருக்கிறது. உள்நாட்டு விமானத்திற்கு என்ன காட்டுவது? முகத்தைக் காட்டி உள்ளே போகலாம் என்கிறார்களே?

பதில்: கையில் இருக்கும் கடப்பிதழே போதும். ஆதாரை யாரிடமும் கொடுத்து அனுப்பச் சொல்ல வேண்டாம். சிங்கப்பூர் வேலை அனுமதி அட்டை அங்கே அடையாளமாகச் செல்லாது.

முகம் காட்டிப் போகும் முறைக்கு டிஜியாத்ரா என்று பெயர். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி, பிறகு சென்னை உட்படப் பல நிலையங்களுக்கு வந்தது. அதில் சேர ஆதார் வேண்டும். பதிவின்போது ஆதாருடன் இணைத்த கைப்பேசி எண்ணுக்குக் குறியீடு வரும். அங்கேதான் இங்குள்ளவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய இந்திய சிம் நீண்ட நாள் ரீசார்ஜ் இல்லாமல் செயலிழந்திருந்தால் குறியீடு வராது. கைப்பேசியில் ஆதாரைக் காட்டும் எம்-ஆதார் செயலிக்கும் அதே எண்தான் வேண்டும். ஊருக்குப் போனதும் ஆதார் மையத்தில் புதிய எண்ணை இணைத்துக்கொண்டால் திரும்பும் பயணத்துக்கு உதவும்.

கடப்பிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு மாதிரி என்று பலருக்கு இருக்கிறது. திருமணத்திற்குப் பிறகு கடப்பிதழில் கணவர் பெயரும் ஆதாரில் அப்பாவின் தலைப்பெழுத்தும் உள்ள பெண்களே இதில் அதிகம். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடி சீட்டு எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது கடப்பிதழாக இருப்பதே நல்லது.

கேள்வி: சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டேன். பழைய வாக்காளர் அட்டை இன்னும் இருக்கிறது. உள்நாட்டு விமானத்துக்கு அதைக் காட்டினால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற உடனே, 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. வாக்காளர் அட்டை இந்தியக் குடிமக்களுக்கு உரியது. ஒரு மணி நேர விமானத்துக்காக அதை நீட்டுவது, இல்லாத குடியுரிமையை இருப்பதாகக் காட்டுவதாகிவிடும். வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கப் படிவம் 7 இருக்கிறது, கொடுத்துவிடுங்கள். பழைய இந்தியக் கடப்பிதழைப் பயன்படுத்துவது இன்னும் கடுமையான குற்றம். அதை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் சிங்கப்பூர்க் கடப்பிதழுடன் சேர்த்தே வைத்திருங்கள்.

கேள்வி: கைக்குழந்தைக்கு என்ன வேண்டும்?

பதில்: கடப்பிதழ். வயதுச் சான்றும் அதுவே. 2022 மே 29 முதல் சிங்கப்பூரில் பிறப்புச் சான்றிதழ் மின்னிலக்கமாக மட்டுமே தரப்படுகிறது. அதன் அச்சுப்படி ஒன்று கூடவே இருந்தால் நல்லது, ஆனால் கடப்பிதழுக்குப் பதிலாகாது. திரும்பும் நாளுக்குள் குழந்தைக்கு 2 வயது நிறைந்துவிடுமா என்று பாருங்கள். நிறைந்தால் அந்தப் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். முகப்பில் தெரியவந்தால் அன்றைய விலைக்கு வாங்க நேரும்.

கேள்வி: செனாயிலிருந்து கூச்சிங் போகிறோம். மலேசியாவுக்குள்தானே, கடப்பிதழைப் பார்ப்பார்களா?

பதில்: பார்ப்பார்கள், இரண்டு முறை. கூச்சிங் இருக்கும் சரவாக் மாநிலமும் சாபா மாநிலமும் தங்கள் குடிநுழைவைத் தாங்களே நிர்வகிக்கின்றன. தீபகற்பத்திலிருந்து போய் இறங்கினாலும் அங்கே கடப்பிதழைக் காட்டி நுழைய வேண்டும். பினாங்கு, லங்காவிக்கு அப்படி இல்லை, விமானத்தில் ஏற மட்டும் கடப்பிதழ் தேவை. மலேசியக் குடிமக்களுக்கு அந்நாட்டு அடையாள அட்டையான மைகாட் போதும்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம் என்பதால் கடப்பிதழை வீட்டில் விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வசதி இருந்தாலும் கடப்பிதழ் கையில் இருந்தாக வேண்டும். அது இன்னும் 6 மாதம் செல்லுபடியாகுமா என்றும் பாருங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் வருகைக்கு முந்தைய 3 நாள்களுக்குள் அதை நிரப்ப வேண்டும்.

கேள்வி: அட்டைப் பிரச்சினையால் விமானத்தில் ஏற்றாமல் விட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: இந்தியாவில் அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும், பயணி வராமல் போயிருந்தாலும், திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதி. திருப்பித் தரப்படாத மலிவுச் சீட்டுக்கும் அது பொருந்தும். தானாக வருவது அரிது, எழுதிக் கேளுங்கள்.

பெயரைத் தவறாக அடித்தது இங்குள்ள முகவர் என்றால் கதை வேறு. அவருக்கு அனுப்பிய கடப்பிதழ்ப் படம், அவர் தந்த சீட்டு, பணம் கட்டிய ரசீது மூன்றையும் வைத்திருங்கள். முதலில் அவரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரையிலான வழக்கை அது விசாரிக்கும், சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாடுவதில்லை. உங்கள் கையில் இருக்கும் அந்த மூன்று தாள்கள்தான் பேசும். ஆகவே சீட்டு வந்ததும், முகவரின் கடையை விட்டுக் கிளம்பும் முன், கடப்பிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.