வீட்டுக் கழிவில் மக்கு உரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (தாம்பரம் வாசகி): பால்கனியில் மூடி போட்ட வாளியில் காய்கறித் தோலைச் சேர்த்து வருகிறேன். ஒரே வாரத்தில் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. அடியில் கறுப்பு நீரும் தேங்குகிறது. புளித்த மோர் தெளித்தும் பயனில்லை. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: மோரில் குறையில்லை, அம்மா, வாளிக்குள் காற்றுதான் இல்லை. காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீரே. அது கசிந்து இடைவெளிகளை அடைத்துவிட்டால், காற்று தேவைப்படும் நுண்ணுயிர்கள் மடிந்து, காற்றில்லாமல் வாழ்பவை பெருகி, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடும். நீங்கள் சொல்லும் வாடை அதனுடையது. வாளியின் அடியிலும் பக்கங்களிலும் பென்சில் நுழையும் அளவில் துளையிட்டு, அடியில் நான்கு விரற்கடை உயரம் சருகைப் பரப்பி, ஒரு கிண்ணம் தோலுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு என்ற கணக்கில் மாறி மாறிப் போட்டு, வாரம் இருமுறை அடிவரை கிளறிவிடுங்கள். கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 30-க்கு 1 என்று அமைந்தால் மக்குதல் சீராக நடக்கும். சருகு சேர்ப்பது அதற்காகவும்தான். ஒரு பிடி அள்ளி இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும். நீர் ஒழுகக் கூடாது. சருகு கிடைக்காதவர்கள் தென்னை நார்க் கழிவையோ, கிழித்த சாதாரண அட்டைப்பெட்டியையோ சேர்க்கலாம். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடிக்குச் செலவிடுவது வீண் என்பது என் கருத்து. முன்பு தயாரான மக்கு உரம் ஒரு கைப்பிடி போதும்.

கேள்வி (மதுரை வாசகர்): டிரம்மைத் திறந்தால் சாம்பல் நிறப் புழுக்கள் நெளிகின்றன. வீட்டில் எல்லோரும் அருவருக்கிறார்கள். மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சற்றே தட்டையாக, தோல் தடித்து, நெல்மணியைவிடப் பெரிதாக இருந்தால், அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். கழிவை வெகு விரைவில் தின்று தீர்ப்பவை அவை. வளர்ந்த ஈ வீட்டு ஈயைப் போல நம் உணவைத் தேடி வந்து மொய்ப்பதில்லை. புழுக்கள் மிகுதியாகத் தெரிந்தால் ஈரமும் சமைத்த உணவும் கூடிவிட்டன என்று கொண்டு, மேலே ஒரு சாண் சருகு போட்டு மூடுங்கள்.

கேள்வி (நாமக்கல் வாசகர்): தோட்டத்தில் மாவிலையும் வேப்பிலையும் மலையாகக் குவிகின்றன. மாவிலை ஆறு மாதமாகியும் அப்படியே கிடக்கிறது. எரித்துவிடலாமா?

பதில்: எரித்தால் புகை அக்கம்பக்கத்தாரின் நெஞ்சை அடைக்கும், கரிச்சத்தும் தழைச்சத்தும் காற்றோடு போய்விடும். மாவிலையின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர் எளிதில் உட்புகாது. அரிவாளால் கொத்தி, சாணிக் கரைசலில் ஒருநாள் ஊறவைத்து, மூன்றடி நீளம், அகலம், உயரமுள்ள குவியலாக, இடையிடையே பச்சைப் புல்லோ கிளைரிசிடியா என்னும் பசுந்தழை உர மரத்தின் தழையோ வைத்து அடுக்குங்கள். அந்த அளவு இருந்தால்தான் உள்ளே சூடு தங்கும். 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில நாட்கள் நின்றால் களை விதைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். வேப்பிலையையும் தயங்காமல் சேர்க்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் மேலே தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகி): மீன் கழிவு, எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு இவற்றைப் போடலாமா?

பதில்: மீன் வேண்டாம், எலியும் பூனையும் வந்து சேரும். எலுமிச்சைத் தோலைக் கொஞ்சமாக நறுக்கிப் போடலாம். முட்டை ஓட்டைப் பொடித்தே போட வேண்டும். இல்லையேல் கடைசி வரை ஓடாகவே கிடக்கும்.

கேள்வி (கோவை வாசகி): இரண்டு மாதத்தில் உரம் கறுத்துவிட்டது என்று கத்தரி நாற்றுக்கு இட்டேன். இலை வெளுத்துவிட்டது, ஐயா.

பதில்: நிறம் கறுப்பதற்கும் முழுதாக மக்குவதற்கும் இடையே சில வாரங்கள் உண்டு. அரைகுறையாக மக்கிய உரத்தை மண்ணில் இட்டால், நுண்ணுயிர்கள் தம் வேலைக்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ள, பயிர் வெளுக்கும். ஒரு பிடியை நனைத்து, காற்றுப் புகாத பையில் ஒரு வாரம் கட்டிவையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் வாசம் வந்தால் உரம் ஆயத்தம். புளிப்போ மூத்திர நெடியோ வந்தால் இன்னும் ஒரு மாதம் நிழலில் கிடக்கட்டும். பிறகு சலித்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலந்து, சல்லடையில் நின்ற கட்டிகளை அடுத்த வாளியில் போட்டுவிடுங்கள்.