சினை பிடித்தால் பால் இறங்கிவிடுமா?

கேள்வி: என் கலப்பின ஜெர்சிப் பசு இரண்டாம் கன்று ஈன்று ஏழு மாதங்கள் ஆகின்றன. உச்சத்தில் நாளுக்கு 12 லிட்டர் கறந்தது, இப்போது 7 லிட்டர் தருகிறது. சினையானால் பால் இறங்கிவிடும் என்று சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடாமல் வைத்திருக்கிறேன். மூன்று வேளை கறந்தால் பால் கூடுமா?
— வாசகர் ஒருவர், ஈரோடு மாவட்டம்

பதில்: சினைப்பசுவின் பால் இறங்குவது உண்மைதான் என்றாலும், சினையின் ஐந்தாம் மாதம் வரை அதனால் பெரிய வேறுபாடு தெரியாது. உச்சப் பாலை 200ஆல் பெருக்கினால் பத்து மாதக் கறவையின் மொத்தப் பால் ஏறக்குறைய வரும் என்பது பழகிய கணக்கு. உங்கள் பசுவுக்கு அது 2,400 லிட்டர். ஆண்டுக்கொரு கன்று என்றால், வற்றிய இரண்டு மாதங்களையும் சேர்த்து 365 நாட்களுக்குப் பங்கிட, நாளுக்கு 6.6 லிட்டர் ஆகிறது. இன்றே சினை பிடித்தாலும் அடுத்த கன்று, சென்ற கன்று ஈன்றதிலிருந்து பதினாறு மாதம் கழிந்துதான். கூடுதலாகக் கறக்கும் நான்கு மாதங்களுக்குச் சராசரி 4 லிட்டர் வைத்தாலும், சுமார் 490 நாட்களுக்கு 2,880 லிட்டர், அதாவது நாளுக்கு 5.9 லிட்டர்தான் தேறும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அடுத்த 12 லிட்டர் உச்சத்தையும் தள்ளிப்போடுகிறது. நாளுக்கு 35, 40 லிட்டர் கறக்கும் பசுக்களை வைத்திருப்போர் சினை ஊசியை வேண்டுமென்றே தாமதப்படுத்துவதுண்டு. அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது.

மடியில் பால் தேங்கத் தேங்கச் சுரப்பு மட்டுப்படும் என்பதால், மூன்று வேளை கறந்தால் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை கூடக்கூடும். இஸ்ரேலின் பெரும்பாலான பண்ணைகளில் மூன்று வேளைக் கறவையே வழக்கம். ஆனால் அது கன்று ஈன்ற முதல் மூன்று மாதங்களில், அடர்தீவனமும் அதற்கேற்பக் கூட்டப்படும்போதுதான் முழுப் பலன் தரும். ஏழாம் மாதத்தில் 7 லிட்டர் மாட்டுக்கு அரை லிட்டரோ முக்கால் லிட்டரோ கூடலாம். உச்சி வெயிலில் ஒருவர் உட்கார்ந்து கறக்கும் கூலிக்கு அது கட்டாது. பால் சங்கத்து நேரத்துக்காக விடியல் ஐந்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் கறப்பவர் என்றால், பதினான்கு மணி நேர இரவு இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

கன்று ஈன்ற 60 முதல் 90 நாட்களுக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும். இனி, 21 நாட்களுக்கொரு முறை வரும் சினைப் பருவத்தைத் தவறவிடாதீர்கள். கோடையில் அது பெரும்பாலும் இரவில் வந்து போய்விடும் என்பதால், படுக்கும் முன்னும் விடியலிலும் வாலடியில் கண்ணாடிபோல் கோழை தொங்குகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். விடியலில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போடுங்கள். அடுத்த 21 நாட்களிலும் அறிகுறி தென்படாவிட்டால், கருப்பையையும் சூலகத்தையும் கால்நடை மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.