அகோமா பானை: கோடுகளைப் பார்த்தது போதும், உள்ளே கையை விடுங்கள்

கேள்வி: நியூ மெக்சிகோ போயிருந்தபோது, அடியில் ‘அகோமா’ என்று எழுதிய ஒரு பானை வாங்கினேன். வெள்ளைப் பரப்பு முழுக்க மயிரிழை போலக் கறுப்புக் கோடுகள். கைவேலை என்றார் கடைக்காரர். நம்பலாமா? தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கலாமா?

பதில்: அகோமா என்பது நியூ மெக்சிகோவில் உள்ள ஒரு பூர்வகுடி ஊர். கைவேலைதான், ஆனால் எது வரைக்கும் என்பதுதான் கேள்வி. அச்சில் வார்த்த பானையை வாங்கி, அதன்மேல் அகோமா ஓவியர்களே கையால் வரைந்து விற்பதும் உண்டு. சொல்லிவிட்டு விற்றால் அதில் தப்பில்லை. விலை மட்டும் பல மடங்கு குறைவாக இருக்க வேண்டும்.

அதனால் கோடுகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாய் வழியாக விரலை விட்டு உள்சுவரைத் தடவுங்கள். அகோமா போன்ற ஊர்களில் வாழும் பியூப்ளோ பூர்வகுடிக் குயவர்களின் மரபில் சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கயிறு போல உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, சுரைக்காய் ஓட்டால் வழித்து உயர்த்துவார்கள். எவ்வளவு தேர்ந்த கையானாலும் மெல்லிய மேடு பள்ளம் விரலுக்குத் தட்டும். விளிம்பும் அச்சு அசல் வட்டமாக இராது. உள்ளே கோப்பை மாதிரி ஒரே வழவழப்பு, எங்கும் ஒரே கனம் என்றால் அச்சுதான். அடியில் இருக்கும் பெயர் இதற்குச் சாட்சியாகாது.

1990-இல் வந்த அமெரிக்கச் சட்டம், பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்பதைத்தான் தடுக்கிறது. அச்சா, கையா என்று நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அந்தக் கோடுகள் தனிக் கதை. யுக்கா என்ற வறண்ட நிலச் செடியின் இலை நுனியை மென்று நார் நாராக்கி, சில இழைகளை மட்டும் விட்டால் அதுதான் தூரிகை. இரும்புக் கல்லை அரைத்து, ஒரு காட்டுச்செடியைக் கொதிக்க வைத்த சாற்றில் குழைத்தால் கறுப்பு. நெருக்கமான இணைகோடுகளை மழை என்பார்கள். வறண்ட நிலத்தில் வேறு எதைக் கேட்பார்கள்! ஆனால் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் பொருள் சொல்லும் விற்பனைச் சீட்டுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வாயிலிருந்து நெஞ்சுக்கு ஓர் அம்பு ஓடும் மான், சூனி என்ற இன்னொரு பியூப்ளோ ஊரின் அடையாளம். அகோமா குயவர் லூசி லூயிஸ் அதைத் தன் ஊர்ப் பானையிலும் வரைந்தார். கோலங்களும் ஊர் விட்டு ஊர் போகும்.

சரி, தண்ணீர். ஒரு காலத்தில் இவை தலையில் சுமந்த தண்ணீர்க் குடங்கள்தான். இன்று விற்பனைக்குச் செய்பவற்றில் ஊற்றாதீர்கள். குறைந்த சூட்டில் வெந்த மண்; நீர் கசிந்து மேற்பூச்சை உரித்துவிடும். ஈரத்துணியும் வேண்டாம், மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். தூக்கும்போது விளிம்பைப் பிடிக்காமல் அடியில் இரண்டு கையும் கொடுங்கள். பூவுக்கு ஒரு கண்ணாடிக் குவளை வாங்கிக்கொள்ளுங்கள்.