லா என்றால் சட்டம் மட்டும்தானா? தஞ்சாவூர் வக்கீலிடம் சில கேள்விகள்

ஆங்கிலத்தில் ‘லா’ என்ற சொல் எங்கெல்லாம் எப்படி வருகிறது என்று டெல்டா பக்கத்து நண்பர்கள் கேட்டதற்குத் தஞ்சாவூர் வக்கீல் ஒருவர் சொன்ன பதில்கள்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: சார், ஆக்ட், லா இரண்டும் ஒன்றுதானே?

இல்லைம்மா. ஆக்ட் என்பது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ நிறைவேற்றிய தனிச் சட்டம். பெயரும் வருடமும் இருக்கும். நம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020 சட்டம் ஓர் ஆக்ட். லா அதைவிட விரிந்தது. அரசியலமைப்பின் 13ஆவது பிரிவைப் பாருங்கள். அவசரச் சட்டம், ஆணை, விதி, அறிவிக்கை, சட்ட வலுவுள்ள வழக்கம் எல்லாமே அதில் லாதான். பரீட்சைக்கு இதையும் வைத்துக்கொள்ளுங்கள்: ‘எ லா’ ஒரு சட்டம், ‘தி லா’ ஒட்டுமொத்தச் சட்டம். படிப்பைச் சொல்லும்போது வெறும் ‘லா’ போதும்.

மன்னார்குடி, விவசாயி: காவிரியில் நமக்கு இவ்வளவு என்றது தீர்ப்புதானே ஐயா, அதை லா எனலாமா?

நல்ல கேள்வி. நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது 2007இல். அது மத்திய அரசிதழில் வந்ததோ 2013இல்தான். 1956ஆம் வருட நதிநீர்த் தகராறு சட்டப்படி, அரசிதழில் வந்த பிறகே அதற்கு உச்ச நீதிமன்ற டிக்ரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்கு, சமமான வலு. கெஜட், கெஜட் என்று அத்தனை வருடம் நாம் கேட்டதற்குக் காரணம் இதுதான். அப்புறம் 2018 பிப்ரவரியில், கர்நாடகம் நமக்குத் திறந்துவிட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்றது உச்ச நீதிமன்றம். அந்த அளவு, வழக்கில் இருந்த மாநிலங்களுக்கான உத்தரவு. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றை எந்த மாநிலமும் தனக்கே சொந்தம் எனக் கூற முடியாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். அதுதான் லா. 141ஆவது பிரிவின்படி நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் அது கட்டுப்படுத்தும். நமக்கு அந்த ஒரு வரி டி.எம்.சி. கணக்குக்குக் குறைந்ததல்ல என்பேன்.

திருவையாறு, பிளஸ் ஒன் மாணவர்: ஓம்ஸ் லாவை மீறினால் தண்டனை உண்டா சார்?

கிடையாது தம்பி. அது இயற்கை நடக்கும் விதத்தைச் சொல்வது. தமிழில் அதை விதி என்கிறோம்.

நாகப்பட்டினம்: ‘பிரதர் இன் லா’வில் லா எங்கே வந்தது?

யார் யாரை மணக்கக்கூடாது என்று கிறிஸ்தவத் திருச்சபை வகுத்த சட்டத்திலிருந்து. பன்மையில் ‘பிரதர்ஸ் இன் லா’ என்று எழுதுங்கள். ‘லாஸ்’ வராது.

திருத்துறைப்பூண்டி: கூட்டுறவுச் சங்கத்தில் எது கேட்டாலும் ‘பைலாவில் இடமில்லை’ என்கிறார்கள். பைலாவும் லாவா?

ஆமாம், ஆனால் சங்கத்துக்குள் மட்டும். அதில் உள்ள ‘பை’ ஊரைக் குறிக்கும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல் என்பார்கள். நம் ஊர்க்கட்டுப்பாடு போலத்தான். பைலாவைப் பதிவாளர் பதிவு செய்திருக்க வேண்டும். திருத்தினாலும் அப்படியே. 1983ஆம் வருட கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்கு முரணாக அதில் எதுவும் இருக்க முடியாது. வாய்வார்த்தையை நம்பித் திரும்பி வராதீர்கள். பைலா பிரதியை வாங்கி, எந்த விதி தடுக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.