வாயால் சொல்கிறான், எழுத மாட்டேன் என்கிறான்: வீட்டுப்பாடத்தில் எங்கே கைகொடுப்பது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. டிஸ்லெக்ஸியாவும் (எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் உள்ள சிரமம்), கூடவே கவனம் சிதறும் பிரச்சினையும் இருப்பதாகப் போன வருடம்தான் பரிசோதித்துச் சொன்னார்கள். வாயால் கேட்டால் பதில் சொல்கிறான். எழுது என்றால் நோட்டை மூடிவிடுகிறான். ஐந்து கேள்விக்குப் பதில் எழுத இரண்டு மணி நேரம் ஆகிறது. நான் கத்த, அவன் அழ, கடைசியில் சில நாள் நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இது தப்பா?

பதில்: எழுதிக் கொடுப்பது தப்பில்லை. ஆசிரியருக்குச் சொல்லாமல் எழுதிக் கொடுப்பதுதான் தப்பு. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு நாள், அவன் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வாயே திறக்காமல், அவன் கண்ணை மட்டும் கவனியுங்கள்.

‘மரங்கொத்தி’ என்று எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே பார்வையில் முடிகிற வேலை. அவன் புத்தகத்தைப் பார்த்து ‘ம’ போடுகிறான். திரும்பப் புத்தகத்துக்குப் போய் விட்ட இடத்தைத் தேடுகிறான். ‘ர’ போடுகிறான். மறுபடி தேடல். ‘ங்’ மேல் புள்ளி விட்டுப்போகிறது. ‘கொ’ வந்தால் இன்னும் சிக்கல். காதுக்கு அது ஓர் எழுத்து, கைக்கு மூன்று துண்டு. அதிலும் ‘க்’ என்ற ஒலிக்குப் பின்னால் வரும் ‘ஒ’வின் கொம்பை முன்னால் போட வேண்டும். இத்தனையும் முடிவதற்குள், என்ன பதில் எழுத வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோகிறது. அவன் நோட்டை மூடுவது சோம்பலால் அல்ல.

ஆகவே வீட்டுப்பாடத்தைப் பார்த்ததும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இது எதைச் சோதிக்கிறது? அறிவியல் கேள்வி என்றால் பாடம் புரிந்ததா என்றுதான் பார்க்கிறது, கையெழுத்தை அல்ல. அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அவன் சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும். தவறாகச் சொன்னால் தவறாகவே எழுதுங்கள். (இதுதான் அம்மாக்களுக்கு ரொம்பக் கஷ்டம், கை தானாகத் திருத்தப் போகும்.) கடைசிப் பதிலை மட்டும் அவன் எழுதட்டும். கதைக் கணக்கு என்றால் வாசிப்பது நீங்கள், கணக்குப் போடுவது அவன். ஆனால் வீட்டுப்பாடமே எழுத்துப் பயிற்சி என்றால் நீங்கள் எழுதக் கூடாது. பத்துச் சொல்லை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள், எழுதுவது அவனே.

எழுதி முடித்ததும், நோட்டில் பதில்களுக்குக் கீழே ஆசிரியருக்காகப் பென்சிலில் ஒரு வரி எழுதுங்கள்: “இவன் சொன்னான், நான் எழுதினேன். ஐந்தாவது பதில் அவன் கையெழுத்து. 35 நிமிடம்.” இந்த வரி இல்லாமல் அழகான நோட்டு மட்டும் போனால், ‘வீட்டில் நன்றாகத்தானே எழுதுகிறான், வகுப்பில்தான் அடம்’ என்று ஆசிரியர் நினைப்பார். அப்படி நினைத்த ஆசிரியர்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நேரத்துக்கு வருகிறேன். வீட்டுப்பாடம் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு கணக்கு உண்டு: வகுப்புக்குப் பத்து நிமிடம். நான்காம் வகுப்புக்கு 40 நிமிடம், அதுவும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. எந்தப் பிரச்சினையும் இல்லாத குழந்தைக்கே அவ்வளவுதான். உங்கள் மகனுக்கு அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, நடுவில் எழுந்து ஓடவிடுங்கள். இடைவேளையில் போனைக் கொடுக்காதீர்கள், அதைத் திரும்ப வாங்குவதே அடுத்த சண்டையாகிவிடும். டைமர் அவன் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். நேரம் முடிந்ததும், வேலை முடியாவிட்டாலும், விட்ட இடத்தில் ஒரு கோடு போட்டு மூடிவிடுங்கள்.

பள்ளியிலிருந்து வந்ததும் உட்கார வைக்காதீர்கள், பகல் முழுக்க அடக்கிவைத்துக்கொண்டு வந்திருப்பான். அதற்காக ராத்திரி வரை தள்ளவும் வேண்டாம். கவனத்துக்கு மாத்திரை எடுக்கிறான் என்றால், காலையில் போட்டதன் வேகம் சாயங்காலம் குறைந்திருக்கலாம். எந்த நேரம் தோது என்று டாக்டரிடமே கேளுங்கள், மாத்திரை அளவில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. பல படிகள் உள்ள கணக்கில் பொதுவாக என்ன நடக்கிறது? குழந்தை ஆரம்பிக்கும், நடுவில் சிக்கும், நாம் பிடுங்கி முடிப்போம். முடித்த திருப்தி நமக்கு, சிக்கிய நினைவு மட்டும் அதற்கு. இதைத் தலைகீழாக்குங்கள். வகுத்தல் கணக்கென்றால் முதல் படிகளை நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள், கடைசிக் கழித்தலை அவனிடம் விடுங்கள். அது கைவந்ததும் கடைசி இரண்டு படிகள். அப்புறம் மூன்று. ஒவ்வொரு நாளும் முடித்துவைப்பவன் அவனாகவே இருப்பான். சிறப்புக் கல்வியில் இது பழைய முறை. சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பதும் இப்படித்தான்.

திருத்தும்போது ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழை போதும். இன்று ஒற்று என்றால் ஒற்று மட்டும், ண-ன குழப்பத்தைக் கண்டும் காணாமல் விடுங்கள். தப்பான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வது வேண்டவே வேண்டாம். குரல் உயர்வது உங்களுக்கே தெரிந்தால், டைமரில் மிச்சம் இருந்தாலும் நோட்டை மூடிவிடுங்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தால் நோட்டு முழுக்க அந்தப் பென்சில் வரிகள் இருக்கும். அந்த நோட்டோடு ஆசிரியரைப் பாருங்கள். “கஷ்டப்படுகிறான்” என்று பொதுவாகச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஐந்து கேள்வியில் மூன்று கொடுத்தால் போதுமா, சொல்லிப் பதிவு செய்து அனுப்பலாமா என்று குறிப்பாகக் கேளுங்கள். நோட்டில் நிமிடக் கணக்கு இருக்கும்போது அவருக்கும் முடிவு சொல்வது சுலபம்.